நம் வெயிலில் எந்த அழகுப் புல் நிற்கும்? தாராபுரத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

தாராபுரத்துக்கு அருகில் செம்மண் நிலத்தில் வீடு கட்டியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வெளிநாட்டுத் தோட்டப் படங்களில் இடுப்பளவு உயரத்துக்குப் பூத்து நிற்கும் புற்களைப் பார்த்து, அதேபோல வீட்டைச் சுற்றி வளர்க்க விரும்பி, நர்சரியிலிருந்து மூன்று வகைகளைச் சென்ற ஆண்டு வாங்கி வைத்திருக்கிறார். நீல நிறச் சிறுபுல்லான புளூ ஃபெஸ்க்யூ சித்திரை முடிவதற்குள் கருகிவிட்டது. பாம்பாஸ் புல் உயிரோடு இருக்கிறது, ஆனால் பூக்கவில்லை. ஊதா நிற ஃபவுண்டன் கிராஸ் நன்றாக வளர்ந்தும் நிறம் மங்கிப் பச்சையாகி, சாய்ந்து கிடக்கிறது. 'நம் வெயிலுக்கு அழகுப் புல் ஒத்துவராதா?' என்று முடித்திருக்கிறார். மூன்று செடிகளும் மூன்று விதமாக நடந்துகொண்டதற்கு என்ன காரணம், அடுத்து எதை வைத்தால் நிற்கும் என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தோட்டக்கலை படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்கள் அமைத்து வருகிறேன். கடலோர உப்புக் காற்றில் நான் வேலை செய்ததில்லை என்பதால், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் கீழே சொல்வதைத் தங்கள் மண்ணில் சிறிய அளவில் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். புற்கள் வெயிலை உணவாக்கும் முறையில் இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. கோதுமை, நெல், உங்கள் தோட்டத்தில் கருகிய ஃபெஸ்க்யூ ஆகியவை ஒரு பிரிவு. கரும்பு, சோளம், கம்பு, அருகம்புல், வெட்டிவேர் ஆகியவை மற்றொரு பிரிவு. முதல் பிரிவுப் புற்களில், வெப்பம் ஏற ஏற, காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி தவறுதலாக ஆக்சிஜனைப் பிடிக்கத் தொடங்குகிறது. அதனால் செய்த உணவில் ஒரு பகுதி வீணாகிறது. இரண்டாம் பிரிவுப் புற்கள் கரியமில வாயுவை முதலில் வேறொரு சேர்மமாகப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களுக்குள் கொண்டுபோய்ச் செறிவாக்கிக் கொடுப்பதால், 35 டிகிரி வெயிலிலும் அந்த நொதி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கரும்பின் இலையில் இந்த வழிமுறையைப் படிப்படியாக விளக்கி, ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் 1966இல் எழுதினார்கள். தாவரவியல் பாடத்தில் சி3, சி4 என்று சொல்வது இந்த இரண்டு பிரிவுகளையே. நெல் முதல் பிரிவில் இருந்தும் நம் வெயிலில் விளைகிறதே என்று கேட்கலாம். அது வெப்ப மண்டலத்திலேயே பழகிய பயிர், அதோடு வயலில் நீர் நிறுத்தி வளர்க்கிறோம். ஃபெஸ்க்யூ ஐரோப்பாவின் வறண்ட, குளிர்ந்த சரிவுகளில் இருந்து வந்தது. இங்கே பகலில் அதன் உணவு வீணாகிறது. இரவும் வெப்பமாகவே இருப்பதால் சேமித்ததும் சுவாசத்தில் கரைகிறது. கூடவே வேர் ஈரத்திலும் வெப்பத்திலும் அழுகத் தொடங்குகிறது. அது செத்தது நீங்கள் நீர் ஊற்றாததால் அல்ல. இன்னும் கொஞ்சம் ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும். சமவெளியில் அதற்காக மறுபடி பணம் செலவழிக்க வேண்டாம்.

பாம்பாஸ் விஷயம் இவ்வளவு நேரானதன்று. அது தென் அமெரிக்கப் புல். அர்ஜென்டினா, உருகுவே, தென் பிரேசில் பகுதிகளில் இயல்பாக வளர்வது. அங்கே கோடையும் குளிரும் தெளிவாகப் பிரிந்திருக்கும். கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நீளத்தில் பல மணி நேர வித்தியாசம் உண்டு. தாராபுரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். குளிரையும் பகல் நீளத்தையும் வைத்துப் பருவம் கணிக்கும் புற்களுக்கு இங்கே தெளிவான குறிப்பு கிடைப்பதில்லை. உங்கள் செடி பூக்காததற்கு அது காரணமாக இருக்கலாம். விதையிலிருந்து வந்த செடி என்றால் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகாமல் அது பூக்காது. அதுவும் காரணமாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் இவற்றில் எது என்று அறுதியிட்டுச் சொல்வது நியாயமாகாது. என்னைக் கேட்டால், பூத்தாலும் அதை வைத்திருக்க வேண்டாம் என்பேன். இலையின் விளிம்பு அரம் போன்றது, குழந்தைகள் ஓடும் இடத்தில் தோலைக் கிழிக்கும். கலிபோர்னியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் தோட்டத்துக்கென்று கொண்டுபோன இந்தப் புல் காற்றில் விதை பரப்பி வெளிநிலத்தைப் பிடித்துக்கொண்டது. உதகை, கொடைக்கானல் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடம் இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது வழக்கம்: அங்கே குளிரும் ஈரமும் கிடைப்பதால் பாம்பாஸ் வாழ்ந்துவிடும், ஆனால் சோலைக் காடுகளுக்கு நடுவே இருக்கும் மலைப் புல்வெளி ஏற்கெனவே வெளியிலிருந்து கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரத்தாலும் ஸ்காட்ச் புரூம் புதராலும் சுருங்கிக் கிடக்கிறது. அதன் விளிம்பில் இன்னொரு விருந்தாளியை விட வேண்டாம்.

ஊதா ஃபவுண்டன் கிராஸ் உங்களுடைய மூன்றில் நம் வெயிலுக்கு உண்மையாகவே ஏற்றது. நிறம் மங்கியதற்குப் பெரும்பாலும் நிழல் காரணம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் அதன் ஊதா நிறம் பச்சையாகிவிடும். சாய்ந்து கிடப்பதற்கு உரம் காரணம் என்று நினைக்கிறேன். நட்ட குழியில் தொழுவுரம் நிறையப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காய்கறிக்குக் கொடுப்பதைப் போலத் தழைச்சத்து கொடுத்தால் எந்த அழகுப் புல்லும் மளமளவென்று வளர்ந்து, தண்டில் உறுதியில்லாமல் மடியும். வயலில் யூரியா கூடிப்போன நெல் காற்றில் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இங்கும். அடுத்த மழைக்கு முன் அதைப் பெயர்த்து, உரமில்லாத மண்ணில், முழு வெயிலில் வைத்துப் பாருங்கள். இந்த ஊதா வகை பெரும்பாலும் முளைக்கும் விதை வைப்பதில்லை, தூரைப் பிரித்தே பெருக்குகிறார்கள் என்பதால் தோட்டத்தைத் தாண்டி ஓடாது. ஆனால் பச்சை இலையுள்ள சாதாரண ஃபவுண்டன் கிராஸ் வேறு. அது மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை கட்டும். ஹவாய் தீவுகளில் அழகுக்காக வைத்தது எரிமலைப் பாறை நிலமெல்லாம் பரவி, காய்ந்து, தீப்பிடித்து, அங்கிருந்த உலர்காடுகளை அழிக்கக் காரணமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதைத் தடைசெய்யப்பட்ட அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. நர்சரியில் பச்சை வகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இனி நான் உங்களுக்குச் சொல்ல மிகவும் விரும்புவதற்கு வருகிறேன். நர்சரிகள் பெனிசெட்டம் என்று சொல்லும் ஃபவுண்டன் கிராஸைத் தாவரவியலாளர்கள் இப்போது சென்க்ரஸ் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அதே சென்க்ரஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான் சென்க்ரஸ் சிலியாரிஸ், அதாவது நம் கொழுக்கட்டைப்புல். தாராபுரத்திலிருந்து காங்கேயம் போகும் வழியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி கட்டிய கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில், வெள்வேல மரங்களுக்கு அடியில், காங்கேயம் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும் புல் அது. நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட புல்லின் ஒன்றுவிட்ட உறவு உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில், எவரும் நீர் ஊற்றாமல், தலைமுறைகளாக நின்றுகொண்டிருக்கிறது. மாடு வாய் வைக்காத இடத்தில் அதை விட்டுப் பார்த்தால் தெரியும்: முழங்கால் முதல் இடுப்பு வரை உயர்ந்து, நரி வால் போன்ற மென்மையான கதிர்களைத் தள்ளும். இளங்கதிரில் இலேசான ஊதாச் சாயல் இருக்கும், முற்றும்போது வைக்கோல் நிறமாகும். மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒவ்வொரு கதிரும் விளிம்பில் ஒளிரும். வாங்கி வைக்கும் எந்தப் புல்லுக்கும் குறையாத அழகு என்பது என் எண்ணம். கோடையில் மேல்பகுதி காய்ந்துவிடும், ஆனால் அடித்தூர் உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாட்களில் மறுபடி துளிர்க்கும். இதே புல் அரிசோனாவின் பாலைவனத்திலும் ஆஸ்திரேலியாவின் உள்நிலத்திலும் தீய களை என்று பெயரெடுத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அங்கே அது வெளியிலிருந்து கொண்டுபோன புல். இங்கே அது இந்த மண்ணுக்கே உரியது. ஆகவே ஃபவுண்டன் கிராஸுக்குச் சொன்ன எச்சரிக்கை கொங்கு நாட்டில் இதற்குப் பொருந்தாது.

அதை வளர்ப்பது எளிது, ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. புதிதாக உதிர்ந்த விதை உடனே முளைக்காது, சில மாதங்கள் உறங்கும். மார்கழி, தையில் கதிரை உருவி, துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, அடுத்த ஆடிக்குப் பிறகு மழை பார்த்து விதைக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் வராது. மண்ணைக் கீறிவிட்டு, மணலோடு கலந்து தூவி, காலால் மிதித்துவிட்டால் போதும். விதை பஞ்சு போல இலேசாக இருப்பதால் காற்று இல்லாத காலை நேரத்தில் தூவுங்கள். அவசரமாக வேண்டுமென்றால் தூரைப் பிரித்து நடலாம். கொறங்காடு வைத்திருக்கும் விவசாயியிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்திலிருந்து மட்டும் எடுங்கள். அவருக்கு ஒவ்வொரு தூரும் மாட்டின் தீவனம்.

பாம்பாஸின் வெள்ளைப் பூங்கொத்துதான் வேண்டும் என்றால் நாணல் இருக்கிறது. அமராவதி ஆற்று மணலில் மழைக்காலத்தை ஒட்டி வெண்பட்டாகப் பூத்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த நாணலுக்குக் கொங்கு நாட்டோடு இன்னொரு பெரிய தொடர்பும் உண்டு. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பார்பர், வெங்கட்ராமன் என்ற இரு விஞ்ஞானிகள் சேர்ந்து, உள்ளூர்க் காட்டு நாணலை இனிப்புக் கரும்போடு கலப்பினம் செய்தார்கள். அப்படிப் பிறந்து 1918இல் வெளிவந்ததுதான் கோ 205 என்ற கரும்பு. காட்டு நாணலின் வலிமை அதற்குள் இறங்கியிருந்ததால்தான் வட இந்தியாவின் கடுமையான நிலங்களில் அது நின்றது. அதே வலிமைதான் வீட்டுத் தோட்டத்தில் தொல்லை. தரைக்கடியில் தண்டு ஓட்டி, ஓரிரு ஆண்டுகளில் கேட்காத இடத்திலெல்லாம் முளைக்கும். நான் செய்யும் ஏற்பாடு இது: மூன்றடி அகலமுள்ள சிமெண்ட் கிணற்று உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்து, மேல் விளிம்பு தரைக்கு நான்கு விரற்கடை மேலே தெரியும்படி விட்டு, அதற்குள் மணலும் மண்ணும் நிரப்பி நாணலை வைப்பேன். விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும் தண்டை மாதம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும். பூ விதைப்பஞ்சாக உடையும் முன்பே கொத்துகளை அறுத்து வீட்டுக்குள் பூச்சாடியில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கவனிப்புக்கு நேரமில்லாதவர்கள் நாணலை ஆற்றிலேயே பார்ப்பது நல்லது.

உயரமான பசுந்திரை வேண்டிய இடத்துக்கு வெட்டிவேருக்கு நிகரானது இல்லை. வீட்டு மேடு சரிந்து இறங்கும் விளிம்பில், ஒரு முழத்துக்கு இரண்டு நாற்று என்ற நெருக்கத்தில் ஒரே வரிசையாக நட்டால், இரண்டாம் ஆண்டில் ஆளுயர வேலியாகிவிடும். தென்னிந்தியாவில் வேருக்காகப் பயிரிடும் வகை விதையால் பரவுவதில்லை. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும்; நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டர் ஆழம் போகும். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெட்டிவேர் அதையும் ஓரளவு தாங்கும். அழகுக்காக வைத்ததை வேருக்காகத் தோண்டிவிடாதீர்கள், இரண்டையும் ஒரே வரிசையில் எதிர்பார்க்க முடியாது. எலுமிச்சைப்புல்லைச் சமையலறைப் பக்கம் இரண்டு மூன்று தூர் வைத்துக்கொள்ளலாம். அது வெளிர்பச்சை நீரூற்று போல வளையும். பூப்பது அரிது என்பதால் கதிரை எதிர்பார்க்க வேண்டாம். அது கொசுவை விரட்டும் என்று சொல்லி விற்கிறார்கள். இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் மணம் வெளியே வரும், செடி சும்மா நிற்பதால் கொசு குறைந்ததை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை.

ஒரு பருவத்துக்கு மட்டும் நிறம் வேண்டுமென்றால் கம்பு விதைத்துப் பாருங்கள். கறுப்பு ஊதா இலையோடு 'பர்ப்பிள் மெஜஸ்டி' என்ற பெயரில் அமெரிக்காவில் 2003இல் தங்கப் பதக்கம் வாங்கிய அழகுச் செடி கம்பின் ஒரு வகைதான். அந்த விதை கிடைக்காவிட்டாலும் நாட்டுக் கம்பை ஒரு பாத்தியில் தூவினால் மூன்று மாதத்துக்குள் கதிர் வரும், அதற்குக் கிளியும் சிட்டும் வரும். அவை வருவதற்காகவே வருடம் தவறாமல் விதைக்கும் வீடுகளை அறிவேன். நிழலான வடக்குப் பக்கத்துக்கு எந்தப் புல்லும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே மாண்டோ கிராஸ் என்று விற்பதை வையுங்கள்; பெயரில்தான் புல், குடும்பம் வேறு என்பதால் நிழலில் நன்றாக இருக்கும்.

நடும் காலமும் வெட்டும் காலமும் முக்கியம், ஏனென்றால் இணையத்திலும் பொட்டலச் சீட்டுகளிலும் இருக்கும் அறிவுரை பெரும்பாலும் பனி விழும் நாட்டுக்கு எழுதப்பட்டது. அங்கே குளிரில் புல் உறங்கும், வசந்தத்துக்கு முன் அடியோடு வெட்டுவார்கள். நம் சமவெளியில் புல்லை உறங்க வைப்பது வறட்சி, எழுப்புவது மழை. ஆகவே புரட்டாசியில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இறங்கிவிடும். தூரின் கழுத்து மண் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும், புதைத்தால் அழுகும். முதல் ஆண்டு கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து கொழுக்கட்டைப்புல்லுக்கும் வெட்டிவேருக்கும் நீர் இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் பச்சையாகவே இருக்க வேண்டுமென்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். வெட்டுவது பற்றி என் சக தோட்டக்காரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாசியில் வெட்டச் சொல்வோர், காய்ந்த புல் கோடையில் தீப்பிடிக்கும் என்கிறார்கள். ஆடியில் வெட்டச் சொல்வோர், காய்ந்த இலையே தூருக்கு நிழல் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் குப்பை எரிக்கும் இடத்துக்கும் அருகில் இருப்பதை மாசியில் ஒரு சாண் உயரம் விட்டு வெட்டுகிறேன்; தள்ளி இருப்பதை ஆடி வரை விட்டுவைக்கிறேன். சித்திரை, வைகாசியில் எதையும் ஒட்ட வெட்டக் கூடாது. வெயில் நேராகத் தூரில் இறங்கினால் புல் மீளாது.

மூன்று நான்கு ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி செத்து, வளையம் போல ஓரத்தில் மட்டும் பச்சை இருக்கும். நோய் என்று பயந்து மருந்தடிக்காதீர்கள், அது அதன் வயது. மழை தொடங்கும் வாரத்தில் கடப்பாரையால் பெயர்த்து, ஓரத்துப் பச்சைப் பகுதிகளைக் கையளவு துண்டுகளாகப் பிரித்து, இலையை ஒரு சாணுக்கு நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து அன்றே நட்டுவிடுங்கள்.

பாம்பு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். அடர்ந்த புல்தூரில் எலி தங்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இதை இல்லையென்று சொல்லி உங்களை ஊக்கப்படுத்த மாட்டேன். வெட்டிவேர் இருந்தால் பாம்பு வராது என்று சிலர் சொல்வதற்கு நான் எந்த ஆதாரமும் கண்டதில்லை. வாசற்படி, குழந்தைகள் விளையாடும் இடம், இரவில் நடக்கும் பாதை ஆகியவற்றிலிருந்து ஆறடியாவது தள்ளி உயரமான புற்களை வையுங்கள். தூர்களுக்கு இடையே ஓரடி வெறும் தரை தெரியும்படி இடைவெளி விட்டு, உதிர்ந்த சருகை மாதம் ஒருமுறை கூட்டி எடுங்கள். பாதைக்கு வெளிச்சம் போடுங்கள்.

இப்போது உங்கள் தோட்டத்தில் இருப்பதற்கு வரிசை சொல்கிறேன். ஃபெஸ்க்யூ இருந்த இடத்தின் மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடுங்கள். பாம்பாஸை, கையுறை போட்டுக்கொண்டு, பூப்பதற்கு முன்பே தூரோடு எடுத்து வெயிலில் போட்டுக் காயவிடுங்கள். ஊதாப் புல்லைப் புரட்டாசியில் தெற்குப் பக்கம் மாற்றுங்கள். சரிவின் விளிம்புக்கு வெட்டிவேர் நாற்றுகளை அப்போதே நட்டுவிடலாம். இந்த மார்கழியில் ஒரு காலை, காங்கேயம் சாலையில் கதிர் முற்றிய கொறங்காடு ஒன்றின் முன்னால் நின்று, உரியவரிடம் கேட்டு ஒரு பை கொழுக்கட்டைப்புல் விதையை உருவிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆடி வரை அது உறங்கட்டும்.